செப்புத் தகட்டில் கீறிய கோடு

(நம் கல்விக் கழகத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் பலருக்கு வியப்பைத் தரலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டில் செப்புத் தகட்டிலும் கல்லிலும் படம் எழுதி அச்சிட்ட கலைஞர்களைப் பற்றிப் பேசப் போகிறோம். அரசுப் பணித் தேர்வுக்கு வழி கேட்க வந்த இளைஞர்கள், அமெரிக்கப் படத்துக்கும் நமக்கும் என்ன உறவு என்று எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. ஆகவே, நம் வீட்டுச் செய்தி ஒன்றிலிருந்து தொடங்குகிறோம்.

நம் பாட்டனாரின் உருவப்படம் நம் வீட்டில் இல்லை. அவர் எப்படி இருந்தார், நெற்றி அகலமா, மூக்கு கூர்மையா என்பதைச் சொல்லக்கூடிய கடைசி மனிதராகிய நம் அத்தையாரும் காலமாகிவிட்டார். தகரப் பெட்டியில் ஓர் அடமானப் பத்திரம் மட்டும் இருக்கிறது. அதன் அடியில் அவருடைய இடக்கைப் பெருவிரலின் ரேகை பதிந்திருக்கிறது. கடன் கொடுத்தவர் மை தடவி, விரலைப் பிடித்து, தாளில் அழுத்தி எடுத்த ரேகை அது. நம் பாட்டனார் இவ்வுலகில் விட்டுச்சென்ற ஒரே படம் அதுதான். அதுவும் அவர் விரும்பி விட்டுச்சென்ற படமன்று. உங்கள் வீடுகளிலும் இப்படியொரு தாள் இருக்கக்கூடும்.

மேடு பள்ளமான ஒரு பரப்பு, அதன்மேல் மை, மையின்மேல் தாள், தாளின்மேல் அழுத்தம் ஆகிய நான்கும் சேர்ந்ததே அச்சு. கைநாட்டுக்கும் உலகப் புகழ்பெற்ற அச்சோவியத்துக்கும் அடிப்படை ஒன்றே. வேறுபாடு என்ன? ஒன்றில் பிறர் நம் கையைப் பிடித்து அழுத்துகிறார்கள். மற்றொன்றில் மனிதன் தன் கையால் தான் எண்ணியதைப் பதிக்கிறான். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவைக் கடப்பதற்குக் கல்வி வேண்டும். இதை விளங்கவைக்கவே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். ‘எட்சிங்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் முறையை அமில அரிப்பு அச்சோவியம் என்று நாம் சொல்லலாம். நன்கு மெருகேற்றிய செப்புத் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். தேன்மெழுகு, நிலக்கீல், பிசின் ஆகியவற்றை உருக்கிச் சேர்த்த கலவையை, சூடேற்றிய அத்தகட்டின்மேல் மெல்லிய படலமாகப் பூசுவார்கள். பின்னர் எரியும் திரியின் புகையைக் காட்டி அப்படலத்தைக் கருமையாக்குவார்கள். கருமையான பரப்பில் ஊசியால் படம் வரைவார்கள். ஊசி செப்பைச் செதுக்குவதில்லை. மெழுகை மட்டும் விலக்குகிறது. விலகிய இடத்தில் செம்பு பளிச்சென்று ஒளிரும். தகட்டின் பின்புறத்தை வார்னிஷ் பூசிக் காத்த பிறகு அதை நைட்ரிக் அமிலத்தில் இடுவார்கள். நம் ஊர்ப் பொற்கொல்லர் திராவகம் என்று சொல்லும் பொருள்தான். மெழுகு உள்ள இடத்தை அமிலம் தொடுவதில்லை. ஊசி திறந்துவைத்த கோட்டின் வழியே இறங்கிச் செப்பை அரிக்கும். கோட்டின்மேல் எழும் குமிழிகளை ஒரு பறவை இறகால் மெல்ல விலக்கிக்கொண்டே இருப்பார்கள்.

இங்கேதான் பொறுமை வேண்டும். தொலைவான மலைக்கு மெல்லிய கோடு போதும். ஆகவே சில நிமிடங்களில் தகட்டை எடுத்து, மலைக்குரிய கோடுகளை மட்டும் வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மீண்டும் அமிலத்தில் இடுவார்கள். அருகிலுள்ள மரத்தின் கோடுகள் இன்னும் ஆழமாக அரிபடும். ஆழம் கூடினால் கருமை கூடும். இறுதியில் மெழுகைக் கழுவி நீக்கி, கோடுகளுக்குள் மை செல்லும்படி தேய்த்து, மேற்பரப்பின் மையை மெல்லிய துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்தெடுப்பார்கள். ஈரமாக்கிய தாளை வைத்து, கம்பளி விரித்து, இரு உருளைகளுக்கு இடையே செலுத்தினால், தாள் பள்ளத்துக்குள் புகுந்து மையை எடுத்துக்கொண்டு வரும். படம் இடவலம் மாறி வரும் என்பதையும் கலைஞன் முன்னரே எண்ணிப்பார்த்திருக்க வேண்டும்.

இக்கலை ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டின் ரெம்பிராண்ட் இதில் ஈடிணையற்றவராக விளங்கினார். ஆனால் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் தகட்டு வேலை என்றால் பண நோட்டும், நிலப்படமும், பிறர் எழுதிய ஓவியத்தைப் பார்த்துச் செய்யும் படியெடுப்பும்தான். அது கைவினைஞனின் கூலி வேலையாகக் கருதப்பட்டது. 1866இல் அல்ஃபிரெட் காதார் என்ற பிரெஞ்சு வெளியீட்டாளர் தம் நாட்டுக் கலைஞர்களின் அச்சோவியங்களை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். 1868இல் ஆங்கிலேயர் பிலிப் ஹாமர்டன் இக்கலை பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. இவற்றால் ஆர்வம் முளைத்தது. 1877இல் நியூயார்க் எட்சிங் கழகம் தோன்றியது. ஜேம்ஸ் ஸ்மைலி என்பவரின் ஓவியக்கூடத்தில் சிலர் கூடினர். ஸ்மைலி, ஸ்வெய்ன் கிஃபோர்ட், லெராய் யேல் ஆகிய மூவரும் சேர்ந்து ஒரு சிறு தகட்டை உருவாக்கி அச்சிட்டுக் காட்டினர். இவர்களுள் யேல் என்பவர் மருத்துவர். அவரே கழகத்தின் முதல் தலைவருமானார். பின்னர் சின்சினாட்டி, ஃபிலடெல்பியா, பாஸ்டன் நகரங்களிலும் இத்தகைய கழகங்கள் தோன்றின.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஓர் அறையில் சிலர் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்கும் முறையிலேயே அக்கலை பரவிற்று. நம் கழகமும் இத்தகைய ஒரு சிறு கூட்டத்தினின்றே பிறந்தது என்பதை முதியோர் அறிவர்.

அவர்களுக்கு ஆசிரியராக வாய்த்தவர் சில்வெஸ்டர் கோலர். ஜெர்மனியில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா வந்தவர். பாஸ்டனில் ஓர் அச்சகத்தின் தொழில்நுட்ப மேலாளராக உழைத்தவர். அவர் இக்கலை பற்றிய பிரெஞ்சு நூலொன்றை 1880இல் ஆங்கிலமாக்கித் தந்தார். ‘அமெரிக்கன் ஆர்ட் ரிவ்யூ’ என்ற இதழை நடத்தி, அதில் கலைஞர்களின் மூல அச்சோவியங்களையே இணைத்து வெளியிட்டார். அவ்விதழ் 1881இல் நின்றுபோயிற்று. ஆயினும் அச்சகத்தில் உழைத்த அம்மனிதர் பின்னாளில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் அச்சோவியப் பிரிவுக்கு முதற் பொறுப்பாளரானார்.

இனிக் கலைஞர்கள் சிலரைக் காண்போம்.

ஜேம்ஸ் விஸ்லர் 1834இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். வேதியியல் தேர்வில் தோற்று 1854இல் வெளியேற்றப்பட்டார். பின்னர் வாஷிங்டனில் கடற்கரை நில அளவைத் துறையில் சேர்ந்து, நிலப்படத் தகடுகள் செய்யும் பணியில் எட்சிங் முறையைக் கற்றார். அங்கும் சில திங்களே நிலைத்தார். அரசாங்கத் தகட்டின் ஓரத்தில் மனிதத் தலைகளைச் சிறிது சிறிதாக வரைந்துவைத்தார். ஒரு தீவின் படத்தில் கேட்பாரின்றிக் கடற்பறவைகளைப் பறக்கவிட்டார். வேதியியலில் தோற்றவர் வாழ்நாளெல்லாம் அமிலத்தோடு பழகி 400க்கும் மேற்பட்ட தகடுகளைப் படைத்தார் என்பதை, மதிப்பெண் குறைந்து மனமுடைந்த மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். இவர் 1879இல் கடனில் மூழ்கித் திவாலானார். அவ்வாண்டு இலண்டன் நிறுவனமொன்று 12 தகடுகள் செய்துவருமாறு அவரை வெனிஸ் நகருக்கு அனுப்பிற்று. சில திங்கள் தங்கச் சென்றவர் ஓராண்டுக்கு மேல் தங்கி, ஏறத்தாழ 50 தகடுகள் செய்தார். பெரிய மாளிகைகளை விட்டுவிட்டு, வாயிற்படியில் மணி கோக்கும் பெண்களையும் சந்துகளையும் வரைந்தார்.

அடுத்து மேரி நிம்மோ மோரன் என்ற அம்மையார். 1842இல் ஸ்காட்லாந்தில் ஒரு நெசவாளியின் மகளாகப் பிறந்தவர். தாயை இளமையிலேயே இழந்தார். தந்தை பிழைப்புத் தேடிப் பெனிசில்வேனியாவுக்குக் குடியேறினார். பக்கத்து வீட்டுக் குடும்பமும் நெசவாளிக் குடும்பமே. அவ்வீட்டின் மகன் தாமஸ் மோரன் ஃபிலடெல்பியாவில் மரச்செதுக்குக் கூடமொன்றில் தொழில் பழகப் போனவர். பின்னாளில் எல்லோஸ்டோன் பள்ளத்தாக்கை வரைந்து புகழ்பெற்றவர். மேரி அவரை மணந்து அவரிடமே ஓவியம் கற்றார். 1879இல் மேற்குப் பகுதிக்குப் பயணம் புறப்பட்ட தாமஸ், மெழுகு பூசிய தகடுகள் சிலவற்றை மனைவியிடம் கொடுத்து முயன்று பார்க்கச் சொல்லிவிட்டுச் சென்றார். மூன்று குழந்தைகளுக்குத் தாயாகிய அவ்வம்மையார் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்குச் சென்று, கண்ணெதிரே கண்ட பாலத்தையும் மரங்களையும் நேரடியாகத் தகட்டிலேயே வரைந்தார். முன்வரைவை வீட்டில் வைத்துப் படியெடுக்கும் வழக்கத்தை அவர் மேற்கொள்ளவில்லை. இரண்டே ஆண்டுகளில் இலண்டனில் புதிதாகத் தோன்றிய ஓவிய அச்சுக் கலைஞர் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அதன் தொடக்ககால உறுப்பினருள் அவர் ஒருவரே பெண். ஏறத்தாழ 70 தகடுகளைப் படைத்து, நோயுற்ற மகளுக்குப் பணிவிடை செய்கையில் தொற்றிய குடற்காய்ச்சலால் 1899இல் காலமானார்.

1887இல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில், பெண் கலைஞர்களின் அச்சோவியங்களுக்கென்றே தனிக் காட்சி ஒன்றைக் கோலர் நடத்தினார். மறு ஆண்டு அது நியூயார்க்கிலும் நடந்தது. பெண்களுக்கு வாக்குரிமை நாடு முழுமைக்கும் கிடைப்பதற்கு 30 ஆண்டுகளுக்கும் முந்திய காலம் அது.

பாரிஸில் வாழ்ந்த அமெரிக்கப் பெண்மணி மேரி கசாட் வசதியான வீட்டில் பிறந்தவர். 1890இல் அங்கே நடந்த ஜப்பானிய அச்சோவியக் காட்சியைக் கண்டு உள்ளம் பறிகொடுத்து, 10 வண்ணத் தகட்டோவியங்களைச் செய்து 1891இல் காட்சிக்கு வைத்தார். ஒவ்வொன்றும் 25 படிகள். குழந்தையைக் குளிப்பாட்டும் தாய், கடிதத்தின் உறையை நாவால் ஒட்டும் பெண், விளக்கருகே அமர்ந்த பெண் ஆகிய எளிய நிகழ்ச்சிகளே பொருள். அப்படங்களின் ஓரத்தில் அவ்வம்மையார் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதினார். ஓவியராகிய தாமும் திருவாளர் லெராய் என்பவரும் சேர்ந்து அச்சிட்டது என்பது அதன் பொருள். லெராய் யார்? மை தடவி உருளை சுழற்றிய அச்சுத் தொழிலாளி. உழைத்தவனின் பெயரைப் படைத்தவரின் பெயரோடு ஒரே வரியில் எழுதிய அந்தப் பென்சில் கோட்டை நாம் மிகப் பெரிதாக மதிக்கிறோம். கோயிலும் குளமும் மாளிகையும் பாலமும் கட்டிய கைகளின் பெயர் கல்வெட்டில் இல்லாத நாட்டில் பிறந்த நமக்கு, அதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

நிற்க. இதுவரை கூறியவை செல்வர் வீட்டுச் சுவரை அணிசெய்த படங்கள். ஏழையின் சுவருக்கு எது கிடைத்தது? இனிவரும் செய்திதான் நம் உரையின் உயிர்ப்பகுதி.

நியூயார்க்கில் கரியர் அண்டு ஐவ்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. கல்லச்சு முறையில் 7,000க்கும் மேற்பட்ட வகைப் படங்களை வெளியிட்ட நிறுவனம் அது. கல்லச்சு என்பது வேறு முறை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, நீர் தடவினால், வரைந்த இடம் மையை ஏற்கும். ஈரமான இடம் மையைத் தள்ளும். எண்ணெயும் நீரும் சேரா என்ற உண்மையே அதன் அடிப்படை. இந்நிறுவனத்தில் பெண்கள் நீண்ட மேசையில் வரிசையாக அமர்ந்து, ஆளுக்கொரு வண்ணம் தீட்டிப் படத்தை அடுத்தவருக்குத் தள்ளுவார்கள். சிறிய படம் 25 சென்ட்டுக்கும் குறைவாகவே விற்றது. ஆகவே அமெரிக்காவின் குக்கிராமம் வரை அப்படங்கள் சென்றன. பனி மூடிய பண்ணை வீடு, நீராவிக் கப்பல், பந்தயக் குதிரை என்று அழகிய படங்கள் பலவுண்டு. ஆனால் 1870களிலிருந்து அந்நிறுவனம் ‘டார்க்டவுன்’ என்ற பெயரில் ஒரு படவரிசையையும் வெளியிட்டது. அடிமைத்தளை நீங்கி எழுந்து நிற்க முயன்ற கறுப்பின மக்களை, அறிவற்ற கோமாளிகளாக, விகாரமான உதடும் விழியும் உடையவர்களாகக் காட்டிய படங்கள் அவை. அவை மிக நன்றாக விற்றன. நல்ல கலைத்திறனும், நல்ல மையும், மலிவு விலையும் சேர்ந்து ஓர் இனத்தின் இழிவை வீடுதோறும் கொண்டுசேர்த்தன. சட்டம் 1865இல் அறுத்த தளையைப் படம் மீண்டும் பூட்டிற்று.

அதே காலத்தில் அதே கல்லச்சு வேறொரு வேலையையும் செய்தது. பாஸ்டனில் லூயி பிராங் என்பவர் வண்ணக் கல்லச்சகம் நடத்தினார். 1848ஆம் ஆண்டின் புரட்சியில் ஈடுபட்டு, ஜெர்மானிய நாட்டினின்று தப்பி, 1850இல் அமெரிக்காவை அடைந்தவர் அவர். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் வைத்து, ஒரே படத்துக்குப் பல கற்களைப் பயன்படுத்தி, எண்ணெய் ஓவியம் போலவே தோன்றும் படங்களைச் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் அச்சிட்டார். 1870 பிப்ரவரியில், மிசிசிப்பி மாநிலத்தின் சார்பில் ஹைரம் ரெவல்ஸ் அமெரிக்கச் செனட் அவையில் உறுதிமொழி ஏற்றார். அவ்வவையில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவர் அவர். அவருடைய உருவத்தைத் தியோடர் காஃப்மன் ஓவியமாகத் தீட்ட, அதனைப் பிராங் அவ்வாண்டே வண்ணக் கல்லச்சில் வெளியிட்டார். நேர்த்தியான உடை, அமைதியான பார்வை, கண்ணியமான முகம்.

அப்படத்தின் படியொன்று ஃபிரெடெரிக் டக்ளஸ் என்ற பெருமகனுக்கு அனுப்பப்பட்டது. அவர் யார் என்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பியோடி, எழுத்தாலும் பேச்சாலும் அடிமை முறையைத் தகர்த்தவர். தம் மக்களை வெள்ளை ஓவியர்கள் நடுநிலையோடு வரைவதே அரிது என்று 1849லேயே எழுதியவர். அவர் 1870 ஜூன் திங்களில் பிராங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் கருத்தை மட்டும் நம் சொற்களில் தருகிறோம்: எங்களைக் குரங்குகளாகத் தீட்டிய படங்களையே இதுகாறும் கண்டு வந்தோம். இப்படத்தைக் காண்பவர் எத்தகைய வெறுப்புடையவராயினும், இவர் ஒரு மனிதர் என்று ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். அடிமைக் குடிசையின் சுவரில் படத்துக்கு இடமில்லை. விடுதலை வந்த பிறகே வீட்டுச் சுவரில் படம் மாட்டும் எண்ணம் வருகிறது. எங்கள் மக்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படம் இருக்க வேண்டும். இவ்வண்ணம் அவர் எழுதினார்.

இதைப் படித்தபோது நாம் நெடுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அமர்ந்திருந்தோம். நம் பாட்டனாரின் வீட்டுச் சுவர் ஏன் வெறுமையாக இருந்தது என்பதற்கு, கடல்களுக்கு அப்பாலிருந்து, அவர் பிறப்பதற்கும் முன்பே, ஒருவர் விடை எழுதிவைத்திருக்கிறார்.

பிறர் வரைந்த படம் கண்ணியமாக அமைந்தது நல்வாய்ப்பு. ஆனால் அம்மக்கள் தாமே ஊசியையும் உளியையும் கையில் எடுத்தார்களா? எடுத்தார்கள். இருவரைக் கூறுகிறோம்.

பேட்ரிக் ரீசன் 1816இல் நியூயார்க்கில் பிறந்தார். கறுப்பினச் சிறுவர்களுக்கென நடந்த ஆப்பிரிக்க இலவசப் பள்ளியில் படித்தார். அப்பள்ளியின் வரலாறு 1830இல் நூலாக வந்தபோது, அதன் முகப்பிலுள்ள பள்ளிக் கட்டடத்தின் படம் இச்சிறுவர் 13 வயதில் வரைந்தது. பின்னர்த் தகட்டுச் செதுக்குத் தொழிலைப் பழகி, 1835இல் விலங்கு பூட்டிய கைகளைக் கூப்பி மண்டியிட்ட பெண்ணொருத்தியின் படத்தைச் செதுக்கினார். தானும் ஒரு பெண்ணல்லவா, ஓர் உடன்பிறப்பல்லவா என்று அவள் கேட்கும் வாசகம் அதில் இருந்தது. அடிமை ஒழிப்பு இயக்கத்தார் அப்படத்தை எங்கும் பரப்பினர். தப்பிவந்த அடிமைகள் எழுதிய நூல்களுக்கு அவர்களுடைய உருவங்களையும் அவர் செதுக்கித் தந்தார். இறுதிக் காலத்தில் கிளீவ்லாந்து நகரில் நகை வணிகரிடம் செதுக்கு வேலை செய்து, 1898இல் மறைந்தார். நாம் முன்னர்ச் சொன்ன கழகங்கள் புகழோடு விளங்கிய அக்காலமெல்லாம் அவர் உயிரோடு இருந்தார் என்பதை எண்ணிப்பாருங்கள்.

மற்றவர் கிராஃப்டன் டைலர் பிரவுன். 1841இல் பெனிசில்வேனியாவில் பிறந்து, இளைஞராகக் கலிஃபோர்னியா சென்றார். சான் பிரான்சிஸ்கோவில் கல்லச்சகம் ஒன்றில் ஓவியராகச் சேர்ந்து உழைத்து, 1867இல், 26 வயதில், தம் பெயரிலேயே சொந்தக் கல்லச்சகத்தைத் தொடங்கினார். நகரப் படம், சுரங்க நிறுவனங்களின் பங்குப் பத்திரம், இசைத் தாள், விளம்பரம் யாவும் அங்கே அச்சாயின. 1878இல் வெளிவந்த சான் மாட்டியோ மாவட்டப் படநூல் அவர் அச்சகத்தின் பணியே. பின்னர் அச்சகத்தை விட்டுவிட்டு இயற்கைக் காட்சி ஓவியரானார். மேலும் பிற்காலத்தில் மினசோட்டா மாநிலத்தில் வரைவாளராகப் பணிபுரிந்து 1918இல் காலமானார். இவரைக் கறுப்பர் என்று பழைய பதிவேடுகள் எழுதின. பிற்காலப் பதிவேடுகளோ வெள்ளையர் என்று எழுதின. தொழில் நடத்துவதற்காகத் தம் பிறப்பைப் பேசாமல் இருந்தார் என்று இன்று வரலாறு எழுதுவோர் கருதுகின்றனர். 

நகரத்தில் வாடகை வீடு தேடும்போது ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கிய நம் இளைஞர்களுக்கு அம்மனிதரின் மௌனம் புரியும். அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால், அத்துணைத் திறமை படைத்த கை, தன்னை மறைத்துக்கொண்டு உழைக்க நேர்ந்தது யாருடைய குற்றம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஒரு தொடர்பையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். ரெவல்ஸ் படம் வெளிவந்த மூன்றாம் ஆண்டில், அதாவது 1873இல், மராட்டிய நாட்டில் மகாத்மா ஜோதிராவ் புலே ‘குலாம்கிரி’ என்ற நூலை வெளியிட்டு, அதனை, கறுப்பின அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஆகவே, அந்நாட்டுப் போராட்டத்தை அந்நாளிலேயே நம்மவர் உற்றுநோக்கினர். பின்னர் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பிறர் இகழ்ச்சியாகச் சொன்ன பெயரைத் தாமே தலைப்பில் அச்சிட்டார் ஒருவர். ஏழையும் வாங்கும் விலையையே பெயராக வைத்தார் மற்றவர். அச்சின் வலிமையை அவர்கள் எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தனர்!

அமெரிக்க அச்சோவிய எழுச்சி எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 1880களில் அது பெரும் வணிகமாயிற்று. செப்புத் தகட்டின்மேல் மின்சாரத்தால் மெல்லிய இரும்புப் படலம் ஏற்றினால், தேயாமல் ஆயிரக்கணக்கான படிகள் எடுக்கலாம். வெளியீட்டாளர்கள் அப்படியே எடுத்தனர். பழைய ஓவியங்களைப் பெரிய அளவில் படியெடுத்து, ஓரத்தில் ஒரு சிறு படம் சேர்த்து, கையொப்பமும் இட்டு, அரிய பொருள் என்று விற்றனர். வின்ஸ்லோ ஹோமர் போன்ற மாபெரும் கலைஞர், கல்லச்சகத்தில் பயிற்சியாளராக வாழ்வைத் தொடங்கியவர், 1884 முதல் அரிதின் முயன்று செய்த எட்டுத் தகடுகளும் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. சந்தை நிறைந்து வழிந்தது, நல்லதும் அல்லதும் கலந்தன, மக்கள் சலித்தனர். புகைப்பட முறையில் தகடு செய்யும் நுட்பமும் வந்தது. 1890களின் நடுப்பகுதிக்குள் நியூயார்க் கழகமும் ஓய்ந்தது. 

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. சான்றிதழ்கள் மிகுந்து திறமை குறைந்தால் கல்விக்கும் இதே கதிதான். தாளில் இருக்கும் கையொப்பத்தைக் காட்டிலும், தகட்டில் இறங்கிய ஆழமே படத்தை வாழவைக்கிறது.

அன்பார்ந்த இளைஞர்களே, இவ்வுரையால் நீங்கள் அனைவரும் ஓவியராக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணாதீர்கள். கோலரும் ஹோமரும் மோரனும் தொழிற்கூடத்திலிருந்து வந்தவர்களே. நம் பிள்ளைகளுள் படம் வரையும் ஆற்றல் உடையவன் ஒருவன் இருந்தால், அது சோறு போடுமா என்று கேட்டு அவன் கையிலிருக்கும் பென்சிலைப் பிடுங்காதீர்கள். நாமும் ஆசிரியராகப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்த மாணவன் ஒருவனைக் கடிந்து, அத்தாளைக் கிழித்தெறிந்தோம். அவன் வரைந்திருந்தது களத்துமேட்டில் நெல் தூற்றும் அவன் தாயை. அக்குற்றத்தை இவ்வவையில் ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டாவது, நம்மைப் பற்றிய படத்தையும் எழுத்தையும் பிறர் கையிலேயே விட்டுவிடாதீர்கள். திரையிலும் தாளிலும் நம்மவர் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதைக் கண் திறந்து பாருங்கள். இகழ்ச்சியைக் கண்டால் சினம் கொள்ளுங்கள். சினத்தோடு நின்றுவிடாமல், நீங்களே எழுதுங்கள், நீங்களே வரையுங்கள்.

மூன்றாவது, உங்கள் வீட்டிலுள்ள முதியவர்கள் வாழும்போதே அவர்களுடைய உருவத்தையும் பெயரையும் பிறந்த ஊரையும் செய்த தொழிலையும் பதிவுசெய்து வையுங்கள். இவ்வெள்ளிவிழா ஆண்டில் நம் கழகத்தின் நூலகத்தில் அதற்கென ஒரு பேரேடு திறக்கலாம் என்று பொறுப்பாளர்களை வேண்டிக்கொள்கிறோம். முதற் பக்கத்துக்கு நம்மிடம் படம் இல்லை. அடமானப் பத்திரத்திலுள்ள அந்தப் பெருவிரல் ரேகையைப் பெரிதாக்கி ஒட்டி, அதன் அடியில் நம் பாட்டனாரின் பெயரை நம் கையாலேயே எழுதித் தருவோம்.

கடனுக்காகப் பதித்த ரேகைக்குக் கீழே அவர் பேரன் எழுதும் பெயர் அது. நம் கழகம் 25 ஆண்டுகளாகச் செய்துவரும் பணி இதுவே.